நாலு மூலைக்கும் பாரம்

அப்பா டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, கூடாரத்தின் விளிம்பைக் கப்பலின் இரும்புத் தளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தார். அறை எடுக்காத பயணிகள் திறந்த மேல்தளத்தில் கூடாரம் போட்டுத்தான் படுக்க வேண்டும்; இரும்பில் முளை அடிக்க முடியாது. மூலைக்கு ஒரு துண்டு ஒட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறவன் வெளியூர்க்காரன். அப்பா நான்கு பக்கமும் இடைவெளி விடாமல் ஒட்டினார். ரோந்து வந்த கப்பல் ஊழியர் ரமோனா நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஆர்னே ஒட்டினா கப்பல் முழுகினாலும் கூடாரம் நிக்கும்" என்று அப்பாவைப் பெயர் சொல்லியே கிண்டலடித்தாள். பக்கத்துக் கூடாரக்காரரிடம் திரும்பி, "சார், டேப்ப மிச்சம் பிடிக்காதீங்க. போன வாரம் ஒருத்தரோட கூடாரம் மட்டும் பறந்துபோய் கனடாவுல இறங்கிடுச்சு. ஆளு இங்கயே நின்னுட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. சீருடை போட்டவர்கள் எது சொன்னாலும் சிரிக்கிற சிரிப்பு அது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். பட்டமளிப்பைப் பார்க்க அப்பா அலாஸ்காவிலிருந்து மொன்டானா வரை பழைய பிக்கப் வண்டியில் வந்தார். பின்சீட்டில் டோரி. திரும்பும் வழியெல்லாம் ஆற்றங்கரைகளில் கூடாரம் அடித்தோம், மீன் பொரித்தோம், பாத்திரம் கழுவினோம். பேசவில்லை. பேச இருந்தது ஒன்றுதான், அதை இருவருமே தொடவில்லை.

டோரி என் அண்ணன் நீல்ஸின் நாய். இரண்டு வருடத்துக்கு முன் இலையுதிர்காலத்தில் நீல்ஸின் படகு கால்வாய் முகத்தில் கவிழ்ந்தது. அப்பா தன் படகைக் கிளப்பிக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். அப்போது ரேடியோவில் மீட்புக்காரர்கள் சொன்னார்கள்: இந்தப் புயலில் யாரும் வெளியே வரக்கூடாது, நாங்கள் போகிறோம். அப்பா என்ஜினை அணைத்தார். அவிழ்த்த கயிற்றை மறுபடியும் கட்டினார். விடியும் வரை துறையில் நின்றார். நீல்ஸோடு போன டோரி மட்டும் நீந்திக் கரை சேர்ந்தது. போயிருந்தால் அப்பாவும் செத்திருப்பார் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கயிற்றை மறுபடியும் கட்டிய கைகளை என்னால் மறக்க முடியவில்லை.

இந்தப் பயணத்தில், வழியிலேயே டோரியின் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. ஒரு ஊரில் காட்டினோம். சிறுநீரகம் போய்விட்டது, இங்கேயே ஊசி போட்டுவிடலாம் என்றார் மருத்துவர். "அது வீட்டுக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லி அப்பா அதைத் தூக்கிக்கொண்டார். பெல்லிங்ஹாமில் கப்பல் ஏறினால் எங்கள் ஊர் பீட்டர்ஸ்பர்க் வர இரண்டு இரவு. அதுவரை நாய் கீழே வண்டித் தளத்தில், வண்டிக்குள்தான் கிடக்க வேண்டும். மனிதர்கள் அங்கே தங்கக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாய் வைத்திருப்பவர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். கால் மணி நேரம். அப்புறம் விசில், கதவுக்குப் பூட்டு.

முதல் அழைப்பில் மற்ற நாய்கள் வண்டிகளுக்கு நடுவே குதித்தன. அப்பா டோரியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி நின்றார். அது அவர் முழங்கையை ஒருமுறை நக்கியது.

"நாம இங்கயே இருந்துடலாம்பா. வண்டிக்குள்ள படுத்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"கூடாது, சிக்னெ. ரூல்."

"அப்ப இது இந்த இருட்டுல, டீசல் நாத்தத்துல தனியா சாவணுமா?"

"சொன்னா கேக்கணும் புள்ள. காரணம் இல்லாம சொல்ல மாட்டாங்க."

"அன்னைக்கும் கேட்டீங்க."

சொல்லிவிட்டேன். மொன்டானாவிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. அப்பா டோரியைப் பின்சீட்டில் கிடத்தி, நீல்ஸின் பழைய ஸ்வெட்டரை அதன் தலைக்கடியில் மடித்து வைத்தார். விசில் ஊதியதும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு எனக்கு முன்னால் படியேறினார்.

மறுநாள் மாலை கப்பல் தீவுகளின் மறைவை விட்டுத் திறந்த கடலுக்குள் வந்தது. கூடாரங்கள் பாம்புப் படம் மாதிரி புடைத்தன. அழைப்பு வந்ததும் இறங்கினோம். டோரி தலையைத் தூக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அப்பா அதன் விலாவில் கை வைத்து அந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியது.

"நீ மேல போ. டேப் எழும்பியிருக்கும், பாரு."

"நீங்க?"

"போன்னு சொன்னேன்ல."

படிக்கட்டில் கூட்டத்தோடு ஏறினேன். பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் இல்லை. கீழே இரும்புக் கதவு மூடும் சத்தம் கேட்டது.

ஜூன் மாத வானம் இருட்டவும் மனமில்லாமல் சாம்பலாய்க் கிடந்தது. ரமோனா மேல்தளத்துக்கு வந்தாள், நேராக எங்கள் கூடாரத்துக்கு.

"அப்பா எங்கம்மா? ஏறினதுல ஒரு தலை குறையுது."

"தூங்குறாரு."

அவள் கூடாரத்தைப் பார்த்தாள். என் பக்கம் பைகளின் பாரத்தில் தரையோடு கிடந்தது. அவர் பக்கம் காற்று உள்ளே புகுந்து தூக்கித் தூக்கிப் போட்டது. ஆள் படுத்திருந்தால் அப்படித் தூக்காது.

"நல்லா ஒல்லியாயிட்டாரு போல" என்றாள். சிரிக்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்து என் காலடியில் வைத்தாள். "அடுத்த அழைப்பு வரைக்கும் நான் கீழ போகல. அதுக்கப்புறமும் தூங்கிட்டே இருந்தார்னா எழுப்பித்தான் ஆவணும்."

போய்விட்டாள்.

ஒட்டிப் பார்த்தேன். ஈர இரும்பில் டேப் பிடிக்கவில்லை. உள்ளே போய் எங்கள் பைகள், அடுப்பு, என் புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் அவர் பக்கம் தள்ளினேன். போதவில்லை. நானே குறுக்காகப் படுத்தேன், தலை என் மூலையில், கால்கள் அவருடைய தூக்கப்பையின் மேல். அதில் டீசலும் மீனும் நாயும் கலந்த வாசம்.

நாய்க்காக முடிந்தது. நாய்க்காக ஒளிந்துகொள்ள முடிந்தது இந்த மனிதருக்கு. கீழே இறங்கிப்போய் அந்த இரும்புக் கதவைக் குத்தி, வெளியே வாங்க, இப்ப மட்டும் தைரியம் எப்படி வந்துச்சு என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கதவைத் திறப்பார்கள். திறந்தால் அவரை வெளியே இழுத்துவிடுவார்கள்.

கன்னத்துக்கடியில் தளம் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வுக்கும் கீழே எங்கோ பின்சீட்டில் ஒரு கை ஒரு விலாவின் மேல் இருக்கும். காற்று திசை மாறி அடித்தது. அவர் பக்கத்து டேப் துண்டு துண்டாகப் பிரிந்து எழும்பும் சத்தம் கேட்டது. காலை நீட்டி, குதிகாலால் அந்த விளிம்பை இரும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.