வெட்டுண்ட ஊடுகதிர்ப் படம்

கீழ்வானம் வெளுத்துச் செம்பாக்கத்து ஏரியின்மேல் இளவெயில் பரவ, நாரைகள் நீர்விளிம்பில் நின்று இரைதேட, தாம்பரத்துத் தொடர்வண்டிகள் அலுவல் மாந்தரைச் சுமந்து வடக்கு நோக்கி விரையும் காலைப் பொழுதில், தச்சன் ஜலால் மட்டும் தெற்கே செங்கற்பட்டு நோக்கிப் புறப்பட்டான். அவனது மேல்முறையீட்டிற்கு அன்று தீர்ப்பு நாள். தோற்றால் ஓராண்டுச் சிறை. வீட்டிலோ மனைவி அஜீசா நிறைசூலி, பத்து நாளில் பேறுகாலம். தன் முதற்குழவியைச் சிறைக்கம்பிகளின் ஊடே காண நேருமோ என்னும் அச்சம் அவனைப் பல திங்களாக உறங்கவிடவில்லை.

அன்புடையீர், இவன் குற்றமற்றவன் என்று எண்ணிவிடாதீர். ஐந்தாண்டுகட்கு முன், பொதுவழியில் பலகைகளை அடுக்கியதைக் கண்டித்த பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர் ஜீவரத்தினத்தை, சினம் தலைக்கேறி, கையிலிருந்த மரக்கட்டையால் முன்கையில் ஓங்கி அடித்தவன் இவனே. எலும்பு முறிந்ததென்று மருத்துவர் எழுதினார். கொடுங்காய வழக்குப் பதிவாயிற்று. அதற்குச் சான்றான ஊடுகதிர்ப் படத்தையோ, மருத்துவமனையார் வழக்கம்போல் ஆசிரியர் கையிலேயே கொடுத்தனுப்பினர். அவ்வாண்டு இறுதியில் நிலவு கதிரவனை மறைத்தபோது, மாணவர் கண்டு மகிழட்டுமென்று அவர் அதனைத் துண்டு துண்டாக வெட்டி வகுப்பில் பகிர்ந்தளித்துவிட்டார். அறிவியல் ஆசிரியராயின் அது கண்ணுக்குத் தீங்கென்று அறிந்திருப்பார். நம்மவரோ யாப்பிலே மூழ்கியவர். படம் இல்லாமலே, மருத்துவர் எழுதிய தாளொன்றை நம்பித் தாம்பரத்து நடுவர் ஜலாலைத் தண்டித்தார்.

செங்கற்பட்டு மன்றத்தில் வழக்கறிஞர் அபிதகுஜாம்பாள் முன்னரே எடுத்துரைத்த வாதம் சுருக்கமானது. "ஐயா, அடி விழுந்ததை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் முறிவைக் காட்டும் படம் மன்றத்திற்கு வரவில்லை, படமெடுத்தவரும் கூண்டேறவில்லை. ஐயத்தின் பயன் யாரைச் சேரவேண்டும்?"

அமர்வு நடுவர் அன்று தீர்ப்பைப் படித்தார். அடித்தது மெய், முறிந்தது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே குற்றம் எளிய காயமாக மாற்றப்பட்டது, சிறை நீங்கியது, நன்னடத்தை உறுதியின்பேரில் ஜலால் விடுதலை பெற்றான். அவன் மகிழ்ச்சியில் அழுதேவிட்டான்.

வெளியே புங்கமர நிழலில் ஜீவரத்தினம் நின்றிருந்தார். ஜலால் தயங்கித் தயங்கி அருகே சென்றான்.

"சார், கேக்கக் கூடாதுதான். நெஜமாவே எலும்பு ஒடைஞ்சுதா?"

"ஒடைஞ்சுதுப்பா. எக்ஸ்ரேல என் கண்ணால பார்த்தேன்."

ஜலால் அவரது முன்கையை உற்றுநோக்கினான். "அப்போ நான் தப்பிச்சுட்டேனா சார்?"

"நீ ஒண்ணும் பொய் சொல்லலியே. படத்தை வெட்டினது நான். என் தப்புக்கு ஒரு கொழந்தை ஏன் அப்பாவைத் தேடணும்? அஜீசாவுக்கு வலி வந்தா எந்நேரமானாலும் கூப்பிடு, கார் எடுத்துட்டு வரேன்."

சொன்னால் வழக்கிற்குக் கேடென்று அறிவுறுத்தப்பட்டு, ஐந்தாண்டுகள் தொண்டைக்குள்ளேயே அடக்கிவைத்த சொல் அப்போதுதான் வெளிவந்தது. "என்னை மன்னிச்சுக்குங்க சார்," என்று அவன், அன்று தான் அடித்த அவர் கையைப் பற்றிக்கொண்டான். மெய்ப்பிக்க இயலாதென மன்றம் விட்டுவிட்ட முறிவை, கேட்பாரும் எழுதுவாரும் இல்லாத அம்மரநிழலில், தன் குற்றமென்று அவன் தானே ஏற்றான். சிறைக்கு அஞ்சி நடுங்கிய அம்மனிதன், அஞ்சுதற்கு ஒன்றுமில்லாத அந்நேரத்தில்தான் நேர்மையுடையவன் ஆனான்.