சொல்லிக்கொண்டு போவது

வெலிங்டன் ராணுவ அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கு ஆர்டர் வந்தபோது ஸ்வேதா சந்தோஷப்பட்டது அரை மணி நேரம்தான். அதற்குள் மனிஷாவின் கவலை வந்துவிட்டது. பிள்ளைக்கு மூன்று வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அம்மாவின் இடுப்பும் அப்பாவின் தோளும் தவிர வேறு இடம் அறியாதவள்.

ஸ்வேதாவின் கணவன் தரணிதரனுக்குக் குன்னூர் மார்க்கெட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. காலையில் பத்தரைக்குத் திறந்தால் போதும். அதனால் பிள்ளையைப் பால்வாடிக்குப் பழக்குகிற பொறுப்பை அவனே ஏற்றுக்கொண்டான்.

"அழுவாளுங்க. உங்களால தாங்க முடியாது" என்றாள் ஸ்வேதா.

"நீ சேர்றதுக்கு ரெண்டு வாரம் இருக்குதில்ல? பழக்கிப்போடலாம்."

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. தட்டில் சோற்றைப் போட்டுத் தானே அள்ளித் தின்னச் சொன்னான். பாதி தரையில் சிந்தினாலும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்று சொல்லப் பழக்கினான். மனிஷாவுக்கு அது பிடித்துப்போய் வராதபோதும் சொல்லித் திரிந்தாள். சாயங்காலங்களில் தேயிலைச் சரிவு வழியே நடத்திக் கூட்டிப்போய்ப் பால்வாடியின் கேட்டருகே நிறுத்தி, உள்ளே இருந்த சறுக்குமரத்தைக் காட்டினான். பிறகு இரண்டு நாள் அவளோடு உள்ளேயே உட்கார்ந்தான். பிள்ளைகள் உட்காரும் பலகையில் முழங்கால் மடித்து அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வேலாமணி டீச்சருக்குச் சிரிப்பு.

மூன்றாம் நாள் மனிஷா ஒரு மக்கில் இருந்து இன்னொரு மக்குக்குத் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். கவனமெல்லாம் தண்ணீரில். இதுதான் சமயம் என்று தரணிதரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினான். அழாமல் விட்டுவிட்டோம் என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாதை வளைவு திரும்புவதற்குள் மனிஷா வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அவன் நிற்காமல் நடந்தான்.

மத்தியானம் போனபோது மனிஷா டீச்சர் மடியில் இருந்தாள். முகம் வீங்கி, தொண்டை கட்டி, அழ முடியாமல் விக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பின் அவனை விட்டு நகரவில்லை. அவன் குளிக்கப் போனால் பாத்ரூம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "அப்பா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைக்குப் போக முடியாமல் இரண்டு நாள் ஷட்டர் மூடியே கிடந்தது.

தூங்கிய பிள்ளையை ஸ்வேதாவிடம் விட்டுவிட்டு அவன் டீச்சரைப் பார்க்கப் போனான். "இந்த வருஷம் வேண்டாமுங்க டீச்சர், விட்ரலாம்னு இருக்கறோம்."

வேலாமணி அவனைவிட நாலைந்து வயது சின்னவள். தயங்கித்தான் சொன்னாள். "அழுவறது ஒண்ணும் இல்லைங்க சார், எல்லாப் புள்ளைங்களும் அழும். நீங்க தெரியாமப் போனீங்க பாருங்க, அதுதான். கண்ண எடுத்தா அப்பா காணாமப் போயிருவார்னு நெனைக்குது. சொல்லிப்போட்டுப் போங்க. எப்ப வருவீங்கன்னும் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் அவன் தரையில் மனிஷாவுக்கு எதிரே உட்கார்ந்தான். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமுண்டு. இது வேறு மாதிரி இருந்தது.

"அம்மிணி, அன்னைக்கு அப்பா சொல்லாமப் போனது தப்பு."

"ஏன் போனே?"

"நீ அழுவியோன்னு பயந்துட்டேன்."

"நான் அழுதேன்."

"ஆமா கண்ணு. இனிமே சொல்லிட்டுத்தான் போவேன்."

மறுநாள் பால்வாடி கேட்டில் மண்டியிட்டுச் சொன்னான். "நீ சோறு தின்னு கை கழுவினதும் அப்பா இங்க வந்து நிப்பேன்." அவள் அழுதாள். சட்டையைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, அவள் பார்க்கப் பார்க்கவே நடந்தான். கடையில் ஒருவருடைய ஆதார் கார்டின் பின்பக்கத்தையே மூன்று முறை எடுத்துக் கொடுத்தான். பதினொன்றரைக்கே ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினான்.

இறங்கித் தேயிலை வழியே பாதி ஏறியிருப்பான். "தம்பி, அங்கேயே நில்லு!" என்று மேலிருந்து ஒரு குரல். கொழுந்து பறிக்கும் சுப்பம்மா கையை ஆட்டினாள். பாதையின் நடுவே இரண்டு காட்டெருமைகள், நடுவில் ஒரு கன்று. "கன்னு வச்சிருக்கு, கிட்ட வராத!"

அவன் நின்றான். பத்து நிமிடம் ஆயிற்று. தாய் எருமை தலையைக்கூடத் திருப்பவில்லை. டீச்சருக்குப் போன் செய்தான்.

"டீச்சர், வழியில எருமைங்க நிக்குது. லேட் ஆகும்னு மனிஷாகிட்டச் சொல்லிருங்க."

"நீங்களே சொல்லுங்க சார், தர்றேன்."

மூச்சுச் சத்தம் கேட்டது. "அப்பா, கை கழுவிட்டேன்" என்றாள் மனிஷா.

அவன் சரிவில் திரும்பி இறங்கத் தொடங்கினான். "தெரியும் கண்ணு. வழியில காட்டெருமை. ரோட்டுப் பக்கமாச் சுத்தி ஓடி வர்றேன்."

ரோட்டுப் பக்கம் இரண்டு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். கல்லூரிக்குப் பிறகு அவன் ஓடியதே இல்லை. தூறல் வேறு. கேட்டை அடைந்தபோது மற்றப் பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மனிஷா மட்டும் வாசல்படியில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, அழவில்லை. அவனைப் பார்த்ததும் எழுந்து ஓடிவரவும் இல்லை. கோபம்.

"லேட்டு" என்றாள்.

"லேட்டுத்தான்."

அவன் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினாள். தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டுவதற்குள் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

அடுத்த நாளும் அழுதாள், அதற்கடுத்த நாளும். ஆனால் சட்டையைப் பிடிக்கவில்லை. குளிக்கும்போது கதவருகே வந்து உட்காருவதும் நின்றது.

திங்கட்கிழமை ஸ்வேதா புதுச் சேலையில், மனிஷாவின் எதிரே குனிந்து, எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஒன்பதரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, பால்வாடில விட்டுட்டீங்களா? அழுதாளா?"

"அழுதா."

"எவ்வளவு நேரம்?"

"வளைவு திரும்பற வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல."

மறுமுனையில் யாரோ ஸ்வேதாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "சரிங்க, வெச்சர்றேன்" என்றாள். தரணிதரன் போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி இறங்கினான்.