ஒன்ஸ் மோர்

தங்கபுஷ்பத்துக்கு ராணி வேஷம் புதிதில்லை. எட்டு வருஷமாகத் தென்காசி வட்டாரத்தில் எந்தக் கோயில் கொடைத் திருவிழாவில் நாடகம் என்றாலும் ஸ்திரீபார்ட் அவள்தான். நிஜமாகவே ராணியாகப் போகிறோம் என்று நம்பியதுதான் புதிது. அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

1958 ஆடிக் கொடைக்குக் குத்துக்கல்வலசை ஊர்க்காரர்களே நாடகம் போட்டார்கள். பண்ணை வயலை உழுகிறவன் ராஜபார்ட் கட்ட முடியுமா என்ன? கிரீடம் பண்ணை வீட்டு ஒற்றை மகன் சுந்தரபாண்டியன் தலைக்குப் போனது. பாண்டிய ராஜா ஒரு பணிப்பெண்ணை ஆசைப்பட்டு, பெற்ற தாயை எதிர்த்து, சபை நடுவில் அவளைப் பட்டத்து ராணியாக்கும் கதை. பணிப்பெண்ணாக நடிக்கத் தங்கபுஷ்பத்தைக் கூலி பேசிக் கூட்டி வந்தார்கள்.

ஒத்திகை குற்றாலத்தில், பண்ணை வீட்டார் சீசனுக்குப் பிடித்திருந்த பங்களாவில். வசனம் சொல்லித் தருகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்த சுந்தரபாண்டியன் வசனத்தோடு நிற்கவில்லை. அவனுக்காக அவள் மற்ற ஊர் நாடகங்களையெல்லாம் உதறினாள். இனி இவளைச் சேர்ப்பதில்லை என்று மற்ற ராஜபார்ட்காரர்களும் கைகழுவிவிட்டார்கள்.

"ஒன்னக் கெட்டப்போறேன்னு அம்மைட்ட தனியாச் சொன்னா வீட்டுக்குள்ளயே அமுக்கிருவா, புஷ்பம். கொடைப் பந்தல்ல மைக்ல சொல்லுதேன். ராணின்னு சொல்லுத எடத்துல ஒம்பேரச் சொல்லுதேன். அம்மன் முன்னால சொன்ன சொல்ல எவன் மாத்த முடியும்?" என்றான்.

ஆர்மோனியக்காரர் பீர் மைதீன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏ பிள்ள, அவன் கிரீடத்தக் கழத்துனாலும் மொதலாளி. நீ வேஷத்தக் கலைச்சா யாரு?"

"போங்க மாமா, ஒங்களுக்கு எப்பவும் சந்தேகந்தான்," என்று சிரித்தாள், பைத்தியக்காரி.

கொடையன்று முன்வரிசை நாற்காலியில் அவன் தாய் முப்பிடாதியம்மாள். சபைக் காட்சி வந்தது. தங்கபுஷ்பம் மண்டியிட்டாள். சுந்தரபாண்டியன் தாயை ஒரு தடவை பார்த்தான். பிறகு மைக் அருகே வந்தான்.

"தங்கபுஷ்பம்!"

சொல்லிவிட்டான்! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அரண்மனை கூட்ட வந்தவளுக்கு அரியணை கேட்கிறதோ? காவலர்களே, இழுத்து வெளியே தள்ளுங்கள்!"

எழுதாத வசனம். ஈட்டி பிடித்து நின்ற பண்ணையாட்கள் இரண்டு பேரும் விழித்தார்கள். ஆனாலும் முதலாளி சொன்னால் சொன்னதுதான். முடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள். நிஜப் பேரைச் சொல்லித் திட்டியதில் பந்தலே சிரித்து உருண்டது. விசில் பறந்தது. "ஒன்ஸ் மோர்!" என்று எவனோ கத்தினான். முப்பிடாதியம்மாளும் சிரித்தபடி கையை உயர்த்தினாள். "நல்லா இருக்கு. இன்னொரு தடவ போடச் சொல்லு."

அரிதாரத்தை அழித்துவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கலாம். ஏறினாளா? முதல் தடவை தாயைக் கண்டு மிரண்டிருப்பார், இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிடுவார் என்று திரும்பி வந்து மண்டியிட்டாள். அட, விதியத்தவளே!

இந்தத் தடவை பேரை இன்னும் நிறுத்திச் சொன்னான். காலாலும் தள்ளினான். அவள் வாய்விட்டு அழுதாள். கைதட்டல் அடங்கவில்லை. பீர் மைதீன் ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்தே போய்விட்டார்.

திரை மறைவுக்கு வந்து சுந்தரபாண்டியன் குனிந்து அவள் தோளைத் தட்டினான்.

"ரெண்டாந்தடவ நல்லா அழுத, புஷ்பம். எந்திரி, திரும்பவும் கேக்குதாங்க."