பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள் கழித்து

"அதுல என் பேரு இருக்கா?"

மாமியார் கோர்ட்டு மனுவின் நகலைத் தூக்கிக் காட்டினாள். மருமகள் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்திருந்தாள். குளிரில் விறைத்த விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

"பேரு இல்ல அத்தை. குழந்தையின் பாட்டின்னு போட்டிருக்காங்க."

"பாட்டி என்ன பண்ணினான்னு போட்டிருக்கு?"

மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தண்ணி வத்தட்டும்னு சொன்னாங்கன்னு இருக்கு."

மாமியார் தாளைத் தரையில் வீசினாள். "கோர்ட்டுல நாலு பேரு முன்னாடி படிப்பாங்க இல்ல? படிக்கட்டும். பேத்தியைக் கொன்னவ இவதான்னு ஊர் பூரா தெரியட்டும். அதுக்குத்தானே போற நீ?"

"ஐயோ அத்தை, பாலம் வேணும்னு போறேன்."

"தேர்தல் தேதிக்கும் பாலத்துக்கும் என்னடி சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. அந்தத் தெருவுக்கும் ஊருக்கும் நடுவே ஓர் உப்பங்கழி. கடல் தண்ணீர் ஏறினால் ஆளை மூழ்கடிக்கும், வற்றினால் முழங்கால் அளவு. ஆஸ்பத்திரி, ரோடு, ஆம்புலன்ஸ் எல்லாம் அந்தக் கரை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பகலில் மருமகளின் மூன்று வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, வெட்டு வந்து கைகால் இழுத்தது. தோணி தள்ள ஓர் ஆண்பிள்ளை இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிவிடலாம் என்றாள் தாய். "ரெண்டு பேரும் போயிடுவீங்கடி, ரெண்டு மணி நேரத்துல தண்ணி வத்திடும்" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள் மாமியார். தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வற்றியது. பிள்ளைதான் இல்லை. அதற்கு மூத்தது ஒன்று இருக்கிறது. அதற்கு உடம்பு லேசாகச் சுட்டால் போதும், இரண்டு பெண்களும் கழியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பாலம் போடுவது வார்டு உறுப்பினர் கையில். வார்டு உறுப்பினர் எப்போதும் அந்தக் கரைப் படகு முதலாளி வீட்டு ஆள். ஏனென்றால் ஓட்டு நாளில் இந்தத் தெரு ஆண்கள் எல்லாரும் கடலில் இருப்பார்கள். விளக்குப் போட்டு மீனைக் கூட்டுகிற தொழில். இருட்டில்தான் மீன் கூடும். நிலா வெளிச்சத்தில் கூடாது. ஆகவே பௌர்ணமியை ஒட்டி ஐந்து நாள் மட்டும் படகுகள் கரையில் கிடக்கும். இது அங்கே கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தேர்தல் ஆணையத்துக்குத் தெரியாது. மூன்று தேர்தல், மூன்றும் இருட்டில்.

இந்த முறை தேதி பௌர்ணமியன்றே வந்து விழுந்தது. அடேயப்பா, தெரு துள்ளிய துள்ளல்! மூலைவீட்டுத் தையல்காரி வேட்புமனுத் தாக்கல் செய்தாள். பாலம் என்ற ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாள். "ஜெயிச்சாச்சுன்னு வச்சுக்க" என்று படகில் ஏறும்போதே ஆண்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரத்தில் தேதி மாறியது. அன்றைக்கு ஊரில் ஏகப்பட்ட கல்யாணமாம். மண்டபம் ஒன்றும் காலியில்லை, மக்கள் ஓட்டுப் போட வர முடியாது என்று வியாபாரிகள் சங்கம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தது. இரண்டே நாள், தேர்தல் பன்னிரண்டு நாள் தள்ளிப் போய்விட்டது. நல்ல கும்மிருட்டு. கல்யாணப் பந்திக்காகத் தள்ளிப் போகிற தேதி செத்த பிள்ளைக்காக அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளாதா என்று நம்பித்தான் ஐஸ் உடைக்கிறவள் கோர்ட்டுக்குப் போனாள்.

சும்மா சொல்லக் கூடாது, கோர்ட்டில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். முதல் வாய்தாவில் ஆணையத்தின் வக்கீல் பதில் சொல்ல ஒரு வாரம் கேட்டார். கொடுத்தார்கள். இரண்டாவது வாய்தாவில் நீதிபதி விடுப்பு.

"வீட்டுல கல்யாணமாம்" என்றாள் அவளுடைய வக்கீலம்மா, முகத்தைப் பார்க்காமல்.

மூன்றாவது வாய்தா வந்தபோது தேர்தலுக்கு இரண்டு நாள். நீதிபதி குழந்தையைப் பற்றிய பகுதியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. ஆனா தேர்தல் வேலை ஆரம்பிச்ச பிறகு கோர்ட்டு குறுக்க போக முடியாது. முதல்ல தேர்தல் முடியட்டும்."

அவளுக்குக் காதுக்குள் தண்ணீர் அலம்புவதுபோல இருந்தது. வக்கீலம்மா தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தாள்.

ஓட்டு நாளன்று வாக்குச்சாவடியில் அந்தத் தெருவிலிருந்து பெண்கள் மட்டும் நின்றார்கள். அன்று கடலிலிருந்து அவள் புருஷன் ஐஸ் கம்பெனி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். "என் ஓட்டையும் சேர்த்துக் குத்திடேன்" என்றான்.

"குத்தினா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

"பாப்பாவுக்காக ஒரு ஓட்டுக்கூடப் போட முடியலையேடி" என்றான் அவன். அதற்குமேல் இரைச்சல்தான் கேட்டது.

தையல்காரி பத்தொன்பது ஓட்டில் தோற்றாள். அந்தத் தெருவிலிருந்து கடலில் இருந்த ஓட்டு நூற்றுப் பன்னிரண்டு.

அடுத்த வாய்தா இரண்டு நிமிஷம்கூட நடக்கவில்லை. தேர்தல் முடிந்துவிட்டதால் மனு பயனற்றதாகிவிட்டது, தள்ளுபடி.

படியில் இறங்கும்போது மருமகள் கேட்டாள்: "முன்னாடி வந்தா ஆரம்பிச்சாச்சுங்கிறாங்க. இப்ப வந்தா முடிஞ்சுபோச்சுங்கிறாங்க. அப்ப எப்பத்தான் மேடம் வரணும்?"

வக்கீலம்மாவுக்கும் அழுகை வந்துவிட்டது.

வீட்டில் மாமியார் வாசலிலேயே நின்றாள். "எல்லாத்தையும் படிச்சாங்களா?"

"அன்னைக்கே படிச்சாங்க அத்தை."

"என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"காத்திருக்கச் சொன்னது யாருன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேக்கல அத்தை. யாரும் கேக்கல."

மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாகத் தன்னைத் தூக்கில் போடுவார்கள் என்று மனசுக்குள் காத்திருந்தவள். கேட்பதற்குக்கூட ஆளில்லை என்று தெரிந்ததும் வாய்விட்டு அழுதாள். பிள்ளை செத்த அன்று அழாத அழுகை அது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

அழுது முடித்து மாமியார் சொன்னாள்: "புதுசா எழுதச் சொல்லு. என் பேரைப் போடு. நான்தான் இழுத்துப் பிடிச்சேன்னு எழுது. அடுத்த தேர்தலைப் பௌர்ணமியில வைங்கன்னு நானே கேக்கறேன்."

அடுத்த வாரம் இருவரும் வக்கீலம்மாவோடு கோர்ட்டுக்குப் போனார்கள். மனு வாங்கும் ஜன்னலில் இருந்த குமாஸ்தா முதல் பக்கத்தைப் புரட்டினார்.

"எந்தத் தேர்தலைப் பத்தி?"

"அடுத்தது" என்றாள் வக்கீலம்மா.

"அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே மேடம். தேதியே அறிவிக்காம எதை எதிர்த்துக் கேஸு? ரொம்பச் சீக்கிரம் வந்துட்டீங்க." அவர் பொல்லாத மனுஷர் இல்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கித்தான் வெளியே தள்ளினார்.

மாமியார் வாங்கவில்லை. இரண்டு கையாலும் ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, போன தடவை லேட்டுன்னாங்க, இப்ப சீக்கிரம்ங்கிறீங்க. எந்த நாள் வந்தா சரியான நாளுன்னு அந்தத் தாளுலேயே எழுதிக் குடுங்க. வாங்கிட்டுப் போயிடறேன்."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதும்மா."

"ஏன்? அப்படி ஒரு நாளு இல்லையா?"

குமாஸ்தா பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்து முனையைத் தாளின் ஓரத்தில் வைத்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் வக்கீலம்மாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனித்துக்கொண்டாள்.

"எழுதுங்கய்யா" என்றாள் மாமியார். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் நகரவில்லை.