பிந்தி விழும் பந்துகள்

கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவி உர்சினா, பயிற்றுநர் ரெட்டோ, உடுப்புப் பொறுப்பாளர் லக்ஷ்மணன். வர இயலாது என்று அறிவித்தவர்: பொருளாளர், காய்ச்சல். கூரைக்கு மேலே: தேனுஜன் எறிந்து இன்னும் கீழே வந்து சேராத பந்துகள், எல்லாம் தோல் பந்துகள், எல்லாம் சங்கத்துக்குச் சொந்தமானவை.

சங்கம் என்பது சுவிஸில் உள்ள கூர் நகரத்தின் மலையாடுகள் அணி. அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவர்கள். பெயரில்தான் கால் இருக்கிறது, ஆட்டம் பெரும்பாலும் கையால். முட்டை வடிவப் பந்தைப் பின்னால் நின்று எறிகிறவனைக் குவாட்டர்பேக் என்பார்கள். அவன் எறிவது சரியாக இருந்தால் மற்றவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள், பிழைத்தால் எல்லாரும் முட்டாள்கள். அந்த இடத்தில் சில வருடங்களாக நின்றவன் லக்ஷ்மணனின் மகன் தேனுஜன், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவன். போன வசந்தத்தில் ஓர் ஆட்டத்தில் அவன் எறிந்த பந்து மேலே போனது, அங்கேயே நின்றுவிட்டது. நடுவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, பிடிபடாத பந்து என்று கை காட்டினார். வேறு பந்து கொண்டு வந்தார்கள். அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்தது. தமிழ்க் கடையில் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தார்கள்.

அந்த முதல் பந்து மட்டும் மேலேயே நின்றது. அதற்குப் பிறகு அவன் எறிந்தவை விழாமல் விடவில்லை. பிந்தி விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை எறிந்தது வாரத்தின் நடுவில், யாரும் இல்லாத மைதானத்தில், பிடிக்க வேண்டியவன் எங்கே நின்றிருக்க வேண்டுமோ அந்த இடத்திலேயே விழுந்தது. ஒரு சாண் பிசகவில்லை. பிடிக்க வேண்டியவன் பிருந்தன், மலைக் கிராமங்களுக்கு மஞ்சள் பஸ் ஓட்டுகிறவன். அவன் ஒருநாள் மத்தியானம் மைதான மூலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது ஒரு பந்து வந்தது. அன்று பின்னேரம் தேனுஜனிடம் சொன்னான்: “மச்சான், பூனை மாதிரி வந்து கையுக்குள்ள இருந்தது. என்ர வாழ்க்கையில இப்பிடி ஒரு பந்து பிடிக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தா வெண்டிருப்பம்.” பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், மத்தியான ஓய்வு நேரத்தில் பந்து விழும் சத்தம் கேட்கிறது என்று முறையிட்டார். உர்சினா மன்னிப்புக் கேட்டு ஒரு வால்நட் கேக் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் கூடியது ஒரே ஒரு கேள்விக்காக: தேனுஜனுக்குப் போட்டியாக இன்னொரு குவாட்டர்பேக்கைக் கொண்டு வருவதா? சம்பந்தப்பட்டவரின் சொந்தக்காரர் முடிவெடுக்கும் நேரத்தில் வெளியே போய் நிற்பது சுவிஸ் சங்கங்களின் வழக்கம். லக்ஷ்மணன் யாரும் சொல்ல முன்பே எழுந்து போய் வாசலில் நின்றார். உள்ளே கதைத்தது எல்லாம் கேட்டது. பக்கத்தில் ஒருத்தன் வந்து நின்றால்தான் பையன் விழித்துக்கொள்வான் என்றான் ரெட்டோ. அவன் தூங்கவில்லை, அவன் எறிவதில் பிழையும் இல்லை, பக்கத்தில் ஒருத்தனை நிறுத்தினால் கடிகாரத்தைத்தான் பார்ப்பான் என்றாள் உர்சினா. லக்ஷ்மணன் அண்ணாந்து பார்த்தார். பந்துகள் மலைப் பக்கமாக வரிசை இல்லாமல் நின்றன. சூடான மலைக்காற்று அடித்தபோது கொஞ்சம் தள்ளிப் போய், திரும்ப அந்தந்த இடத்துக்கே வந்தன. ஒன்றில் குருவி இருந்தது.

வாக்கு ஒன்றுக்கு ஒன்று. பொருளாளருக்குக் காய்ச்சல். வேறு வழி இல்லாமல் லக்ஷ்மணனை உள்ளே கூப்பிட்டார்கள். இப்படி வழக்கத்தை மீறலாமோ என்று உர்சினா கேட்டாள், மீறலாம் என்று அவளே சொன்னாள். லக்ஷ்மணன் ஓட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவர், அணியின் உடுப்புகளையும் அவரே தோய்க்கிறார். தன் மகன் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முதலும் விடியும்வரை சோபாவில் குந்தியிருப்பதை அவர் மட்டுமே அறிவார். இன்னொருத்தன் வந்தால் இவன் ஒரு நாளாவது சாய்ந்து படுப்பான் என்று நினைத்தார். அதை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கையை உயர்த்தினார்.

லக்ஷ்மணன் வீட்டுக்குப் போக முன்பே செய்தி போய்விட்டது. தேனுஜன் குசினி வாசலில் நின்றான்.

“நீங்களோ கை உயர்த்தினது?”

“ஓம்.”

“ஏன்?”

“நீ நித்திரை கொள்ளுறேல்லை.”

“அதுக்கு ஒரு நித்திரைக் குளிசை தந்திருக்கலாமே அப்பா.”

அதற்குப் பிறகு கோடை முழுவதும் அவன் தகப்பனோடு கதைக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான். கோப்பையைக் கழுவி வைத்தான்.

புதியவன் பக்கத்து ஊரான லாண்ட்குவார்ட்டிலிருந்து ரயிலில் வந்தான். பெயர் கிஷோபன், சமையல் படிக்கிறவன், வாய் ஓயாதவன். அவன் பந்துகள் உடனே விழுந்தன. சில பிருந்தனின் கையில், சில எதிரணியின் கையில், ஒன்றிரண்டு பற்றைக்குள். “அங்கிள், நான் கேவலமா எறிஞ்சாலும் நேரத்துக்குக் கேவலமா விழும்” என்று லக்ஷ்மணனிடம் சொன்னான். ரெட்டோ நினைத்ததும் நடக்கவில்லை, லக்ஷ்மணன் நினைத்ததும் நடக்கவில்லை. தேனுஜன் விழித்துக்கொள்ளவும் இல்லை, சாய்ந்து படுக்கவும் இல்லை. வேலை முடிந்து வந்து இருட்டும்வரை எறிந்தான். அவன் எவ்வளவு கவனமாக எறிந்தானோ அவ்வளவு நாள் பந்து மேலே நின்றது. நாள்கணக்கில் இருந்த தாமதம் வாரக்கணக்காகி, மாதக்கணக்கானது. சங்கம் புதுப் பந்துகள் வாங்கியது. ஆகஸ்டில் ரெட்டோ அவனை ஆட்டத்தில் இறக்காமல் வெளியே வாங்கில் உட்கார வைத்தான். உர்சினா சொன்னது சரியாக இருந்தது. அதற்காக அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அணி சில ஆட்டங்களில் வென்றது, சிலவற்றில் தோற்றது. முன்பும் அப்படித்தான்.

கடைசி ஆட்டத்தில் வென்றால் அந்தப் பிரிவில் தங்கலாம், தோற்றால் கீழே. கடைசி எறிதல் மிச்சம் இருந்தது, அது பிடிபட்டால் வெற்றி. கிஷோபன் பின்வாங்கி, நல்ல எறிதலாகவே எறிந்தான். பிருந்தன் மூலையை நோக்கி ஓடினான். அந்த நேரம் பார்த்து வசந்தத்தில் தேனுஜன் எறிந்த முதல் பந்து இறங்க முடிவு செய்தது. சுழன்றுகொண்டே, அவசரப்படாமல், அந்த மூலைக்கே வந்தது. பிருந்தன் இரண்டு பந்துகளையும் பார்த்தான். பார்த்துவிட்டு, பழையதைப் பிடித்தான். கிஷோபனின் பந்து இரண்டு அடி தள்ளிப் புல்லில் விழுந்து துள்ளியது. அந்த ஆட்டத்துக்குரிய பந்து புல்லில் கிடப்பதுதான் என்றார் நடுவர். எதிரணியும் அதை மறுக்கவில்லை, ஏன் மறுக்கப் போகிறார்கள். மலையாடுகள் கீழ்ப் பிரிவுக்குப் போனார்கள்.

“விசரோ உனக்கு? என்ர பந்து தெரியேல்லையோ?” என்று கிஷோபன் கத்தினான்.

“தெரிஞ்சது. இது எனக்கெண்டு எறிஞ்சது. கன நாளா வந்துகொண்டிருந்தது. விட ஏலாமல் போச்சு” என்றான் பிருந்தன். கையில் இருந்த பந்தை அவன் நெடுநேரம் கீழே வைக்கவில்லை. கிஷோபன் அதை வாங்கிப் பார்த்தான். மழையும் வெயிலும் பட்டு வெளிறியிருந்தது. “அண்ணை நல்லாத்தான் எறிஞ்சிருக்கிறார்” என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

எல்லாரும் போன பிறகு லக்ஷ்மணன் உடுப்பறையில் சலவை இயந்திரத்தை ஓட விட்டிருந்தார். தேனுஜன் வந்தான். அணித் தலைவன் என்ற முறையில் அவனிடம் மண்டபத்து வெளிக்கதவின் இரண்டாவது திறப்பு, அதாவது சாவி, இருந்தது. அறையின் அந்தத் தொங்கலில், வாசலோரம் நின்றுகொண்டு, “இந்தாங்கோ, இனி எனக்கு ஏன்” என்று திறப்பை எறிந்தான்.

லக்ஷ்மணன் கை தூக்கவில்லை. மகன் எறிந்த எதுவும் உடனே வந்து சேர்ந்து அவர் கன நாளாகப் பார்த்ததில்லை. எப்போதாவது வரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நின்றார். திறப்பு நேரே வந்து நெஞ்சில் பட்டு, காலடியில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். இயந்திரம் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டது.

“பட்டதோ?” என்றான் தேனுஜன்.

“பட்டது.”

“நோகுதோ?”

“ஓம்.” லக்ஷ்மணன் குனிந்து திறப்பை எடுத்தார். “செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குக் கதவை நான் திறந்து விடுறன். வா.”

“என்னத்துக்கு? கிஷோபனுக்குப் போட்டியாவோ?”

“ஓம். போட்டியாத்தான்.”

தேனுஜன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று வழக்கம்போல் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். மிச்சப் பந்துகள் அங்கேயே நின்றன. வருகிற நேரம் வரும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். உள்ளே ஆள் இருந்தாலும் இருட்டின பிறகு வெளிக்கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பது மண்டபத்து விதி. மகன் எறிந்த திறப்பாலேயே லக்ஷ்மணன் அவன் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.