காரமில்லாத நூடுல்ஸ்

என் அண்ணன் தாகுவாங்குக்கு அழகான முகம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த முகத்தை நம்பித்தான் இரண்டு வருடம் நான் விளையாடினேன்.

எங்கள் நாட்டுச் சட்டப்படி பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும், அதுவும் ஒரு மணி நேரம்தான் கைபேசியில் இணைய விளையாட்டு திறக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கிழிக்க முடியாது. என் வகுப்பில் பாதிப் பேர் அப்பாவின் அடையாள அட்டையில்தான் ஆடினார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் குவாங்தோங்கில் தொழிற்சாலையில் இருந்தார்கள், புத்தாண்டுக்குத்தான் வருவார்கள். அதனால் நான் அண்ணனின் அட்டையில் கணக்குத் திறந்தேன். கணக்கின் பட்டப்பெயர் மட்டும் என்னுடையது: ‘காரமில்லாத நூடுல்ஸ்’. மிளகாய்க்குப் பேர்போன ஸிச்சுவானில் பிறந்துவிட்டு மிளகாய் என்றாலே கண்ணில் நீர் கொட்டும் ஒரே ஜென்மம் நான்தான் என்பது அண்ணனின் தீராத கேலி.

ஆடிக்கொண்டிருக்கும்போது திரையில் திடீரென்று ஒரு வட்டம் வரும். முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்று கேட்கும். டயர் கடையிலிருந்து அலுத்து வந்து படுத்திருப்பவனை உலுக்குவேன்.

“ஏய் வாலு, இன்னிக்கு எத்தனாவது தடவ?”

“மூணாவது. சிமிட்டுண்ணா.”

“என் மூஞ்சிக்கு வாடகை வைக்கணும்டி.”

சிமிட்டுவான். ஒரு தடவைகூட முடியாது என்றதில்லை. அவன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் இதை மறைக்க மாட்டேன்.

எனக்குப் பதினெட்டு முடிந்த மாதம் அந்தக் கணக்கு நாட்டிலேயே முப்பத்தேழாவது இடத்துக்கு வந்தது. செங்டுவில் இந்த விளையாட்டுக்கு அணி வைத்திருக்கும் ஒரு கிளப்பிலிருந்து செய்தி வந்தது: ‘காரமில்லாத நூடுல்ஸ் நேரில் வரவும். ஆறு பேரில் இருவரை எடுப்போம்.’ எடுத்தால் அங்கேயே தங்கிப் பயிற்சி, அப்புறம் போட்டிகள். எடுக்காவிட்டால் முனைக் கடையில் பால் டீ கலக்க வேண்டும். அண்ணன் ஏற்கெனவே அங்கே பேசி வைத்திருந்தான்.

அவனும் வந்தே ஆக வேண்டும், கணக்கைத் திறக்க அவன் முகம் வேண்டுமே. முகத்தைக் காட்டிவிட்டு, “ஆடுனது என் தங்கச்சி” என்று சொல்வதாகத்தான் பேச்சு. ஆனால் ரயிலடியில் அவனோடு ரோங்ரோங்கும் நின்றாள், அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள். நகப்பூச்சிலிருந்து காலணிவரை புதுசு.

“உங்க அண்ணன் இவ்ளோ பெரிய ஆளுன்னு நீ சொல்லவே இல்லியே மின்ஷு,” என்றாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அங்கே போய்ச் சொல்லிவிடுவான் என்று நம்பினேன், முட்டாள்.

கிளப்பின் வரவேற்பறையில் லெய் என்ற மேலாளர் பட்டியலோடு வந்தார். “யாருப்பா காரமில்லாத நூடுல்ஸ்?”

ரோங்ரோங் அண்ணனின் தோளில் தட்டினாள். அண்ணன் கையைத் தூக்கினான்.

“உள்ள வா. கூட வந்தவங்க இங்கயே உக்காருங்க.”

அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனான். கதவு மூடியது. கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிறகு ரோங்ரோங்கை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆட்டத்தில் அண்ணன் ஒன்பது தடவை செத்திருந்தான், ஒருவனைக்கூடக் கொல்லவில்லை. பயிற்சியாளர்கள் இருவர் சாப்பாட்டுப் பெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தக் கணக்குல ஆடுனது நான் சார்,” என்றேன்.

லெய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒரு கேம் ஆடிக் காட்டு.”

உட்கார்ந்தேன். உடனே வட்டம் வந்தது. அண்ணன் என் தோளுக்கு மேலே குனிந்து கண்ணைச் சிமிட்டினான். அவன் காது சிவந்திருந்தது. அன்றைக்கு நான் ஆடியதுபோல் வாழ்நாளில் ஆடியதில்லை. பயிற்சியாளர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள், ஒருவர் எழுந்து வந்து என் கையையே பார்த்தார். பதினோரு நிமிடத்தில் எதிரணியின் கோட்டை விழுந்தது.

லெய் பெருமூச்சு விட்டார். “நல்ல கைம்மா. ஆனா அடுத்தவன் பேர்ல நீ ஏத்தி விட்ட கணக்கு இது. கூலிக்கு ஆடுறவங்க செய்யறதும் இதேதான்.”

“நான் கூலி வாங்கல சார். எனக்கு வயசு பத்தல, அதான்.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. உன்ன எடுத்து, நாளைக்கு வெளிய தெரிஞ்சா எங்க அணியவே போட்டியிலேருந்து தூக்கிடுவாங்க. ரெண்டு பேர் பேரையும் குறிச்சிக்கறேன், மத்த கிளப்புக்கும் போயிடும். கோவிச்சுக்காத.”

அவர் அப்படியே எழுதினார். ஆடியது தங்கச்சி என்று அண்ணன் முதலிலேயே சொல்லியிருந்தால் என்னை எடுத்திருப்பார்களா? மாட்டார்கள்தான். ஆனால் ஆடியது நான் என்று நானே கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

நடைபாதையில் அண்ணன் என் கையைப் பிடித்தான். “ரோங்ரோங்குட்ட மட்டும் சொல்லிடாதடி. அவங்க வீட்ல நான் டயர் மாட்டறவன்னு வேணாம்னாங்க. அந்தக் கணக்குல ஆடறது நான்தான்னு சொன்னதுக்கப்புறந்தான் சம்மதிச்சாங்க.”

அவனை அறைந்திருக்கலாம். எத்தனை தடவை எனக்காகத் தூக்கம் கெட்டு எழுந்திருக்கிறான் என்பது குறுக்கே வந்து தொலைத்தது. சரி என்றேன்.

அடுத்த மாதம் ரோங்ரோங் வீட்டில் நிச்சயதார்த்த விருந்து. எங்கள் பக்கம் நான் ஒருத்திதான். அவளுடைய தம்பி கைபேசியை நீட்டினான். “மாமா, ஒரு கேம்?”

“விட்டுட்டேன்ப்பா. கிளப்புல எடுத்துக்கிட்டாங்க, ஆனா அங்கயே தங்கணும்னாங்க. உங்க அக்காவ விட்டுட்டு எப்பிடி?”

எல்லோரும் அந்தத் தியாகத்துக்குக் கோப்பை உயர்த்திக் குடித்தார்கள். நானும் உயர்த்தினேன்.

ரோங்ரோங்கின் அம்மா பெரிய கிண்ணம் நிறைய நூடுல்ஸ் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். “மாப்பிள்ளைக்குன்னே தனியா செஞ்சேன். ஒரு பொட்டு மிளகா கெடையாது.” காலைக் கஞ்சிக்கே மிளகாய் எண்ணெய் ஊற்றுபவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மற்றவர்களுக்கு வந்த சிவப்புக் கிண்ணம் எனக்கும் வந்தது.

அண்ணன் என் கிண்ணத்தைப் பார்த்தான். அவன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினால் போதும், யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. காத்திருந்தேன். பிறகு சாப்பிடத் தொடங்கினேன்.

“என்னம்மா, கண்ணு கலங்குது? காரம் ஆகாதா உனக்கு?” என்றார் ரோங்ரோங்கின் அம்மா.

அண்ணன் தலை நிமிராமல் பதில் சொன்னான்.

“அவளா? நல்லா சாப்பிடுவா அத்தை. இன்னும் கொஞ்சம் போடுங்க.”