அண்ணன் குரல் இருந்த டிஸ்க்

அண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி குரல் போயிடுச்சு. உயிர் தப்பினதே பெரிசுன்னு எல்லாரும் மனசைத் தேத்திக்கிட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தார். மகளுக்காகக் கதை கதையா பேசி, பதிவு பண்ணி, தன் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருந்தார். வேற எங்கயும் காப்பி கிடையாது. இப்ப அந்தக் கம்ப்யூட்டர் மதர்போர்டு போயி செத்துக் கிடக்கு. டிஸ்க் மட்டும்தான் மிச்சம்.

தம்பிக்காரன் அதைக் கழட்டி, கேபிள் போட்டு தன் லேப்டாப்ல மாட்டினான். பிரிண்டர் ரிப்பேர் பண்றவன், கை சும்மா இருக்காது. வீட்டுல அவனுக்குப் பேரே அவசரக்குடுக்கை. கம்ப்யூட்டரை ஓட்டற சிஸ்டத்துல அண்ணன் லினக்ஸ் ஆளு, இவன் விண்டோஸ் ஆளு. உன் மெஷின் அப்டேட் முடிக்கறதுக்குள்ள நான் குளிச்சு சாப்பிட்டுத் தூங்கி எழுந்துடுவேன்டான்னு அண்ணன் ஒரு காலத்துல வாரிக்கிட்டே இருப்பார்.

மாட்டினதும் விண்டோஸ், இதை ஃபார்மட் பண்ணி மொத்தமா துடைச்சாத்தான் திறக்க முடியும், பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு கொடுத்தான். உடனே அதே கேள்வி இன்னொரு தடவை வந்துச்சு. டிஸ்க்கை அண்ணன் ரெண்டு பகுதியா பிரிச்சு வச்சிருந்தார். ரெண்டுமே லினக்ஸ் முறையில இருந்ததால விண்டோஸுக்குப் புரியல, அதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை கேட்டுச்சு. புரியாததுக்கெல்லாம் அது ஃபார்மட் பண்ணச் சொல்லும். ரெண்டாவது பகுதி சும்மா ஒதுக்கின இடம்தான், அதைச் சுத்தம் பண்ணிட்டா முதல் பகுதி தானா தெரியும்னு இவனே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டான்.

எதிர் ரூம்ல படுத்திருந்த அண்ணனுக்குக் கதவு வழியா ஸ்கிரீன் தெரியும். கட்டிலை டொக்டொக்னு தட்டினார்.

"அண்ணி, அண்ணனுக்குத் தண்ணி வேணும்போல, பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இவன் ஓகேவை அமுக்கினான்.

அண்ணி தம்ளரோட போறதுக்குள்ள அண்ணனே எழுந்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார். முகத்துல ரத்தமே இல்ல. ரெண்டு திட்டு திட்டியிருந்தா இவனுக்கு ஆறியிருக்கும். அவர் போன்ல டைப் பண்ணிக் காட்டினார்: டிஸ்க்ல இனிமே எதையும் எழுதாத.

அப்புறம் தன்கிட்ட இருந்த லினக்ஸ் பென் டிரைவைப் போட்டு, அதுலேருந்தே லேப்டாப்பைக் கிளப்பி, அவரே உக்காந்தார். முதல் பகுதி பத்திரமா இருந்துச்சு. அதுல வெறும் சிஸ்டம்தான். குரல் எல்லாமே ரெண்டாவதுல இருந்திருக்கு. மீட்கற வேலை சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சு. பேர் இல்லாத ஃபைலா வந்து விழுந்துச்சு, திறந்தா வெறும் இரைச்சல். ஒண்ணே ஒண்ணு பேசிச்சு.

"குட்டி, ஒரு ஊர்ல ஒரு சோம்பேறிக் கழுதை இருந்துச்சாம். அது ஒரு நாளு..."

அத்தோட அறுந்துடுச்சு. மக அப்பா மடியில கையை ஊனிக்கிட்டு, அப்புறம் என்னன்னு கேட்டா.

அண்ணன் கழுதைக் கதையை டைப் பண்ண ஆரம்பிச்சு, தம்பியைப் படிக்கச் சொல்லி ஜாடை காட்டினார். இவன் தொண்டையைச் செருமிக்கிட்டு ஒரு வரி படிச்சான்.

"நீங்க வேணாம் சித்தப்பா"ன்னா குட்டி.

அண்ணன் நிறுத்தல, அடுத்த வரியை டைப் பண்ணிக்கிட்டே இருந்தார்.